ஈர விறகுக்கு யார் பொறுப்பு?



ஸ்டோரில் ட்ரையர் சூடு குறைந்தால் முதல் ஏச்சு யாருக்கு? அடுப்படியில் நிற்கும் தொழிலாளிக்குத்தான். "ஒழுங்காக விறகு போடவில்லை" என்பார்கள். அந்த விறகைத் தொட்டுப் பார்க்க எவரும் வருவதில்லை.

புதிதாக வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். 100 கிலோ விறகு சுமந்தால், 50 கிலோ தண்ணீரையும் சேர்த்தே சுமக்கிறோம். அடுப்பின் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகிறது. மிஞ்சியதுதான் தேயிலையைக் காய வைக்கும். அதே மரத்தைப் பிளந்து, கூரைக்கடியில் காற்றுப்பட மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் ஈரம் 20 வீதமளவுக்கு இறங்கும்.

தீ எரிய எரிபொருள், காற்று, சூடு மூன்றும் வேண்டும். ஈர விறகு சூட்டைத் தணிக்கும். காற்று போதாவிட்டால் கரும்புகையோடு, நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவும் கிளம்பும். காற்று மிதமிஞ்சினால் சூடு புகைபோக்கி வழியே வீணாகும். இதை அளவறிந்து நடத்துவது ஒரு தொழில்திறமை. விறகு தள்ளும் வேலை என்று அதைத் தாழ்த்தக் கூடாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: கூரை போட்ட விறகுக் கொட்டகை, காலம் தவறாமல் புகைபோக்கித் துப்புரவு, அடுப்படிக்குக் காற்றோட்டம், அடுப்புத் தொழிலாளிக்குப் பயிற்சி, அதற்கேற்ற சம்பளம். காய்ந்த விறகு எரித்தால் நிர்வாகத்துக்குச் செலவு குறையும். நம் நெஞ்சுக்குப் புகை குறையும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள்.