களேபரம்



முந்தாநாள் தொலைக்காட்சியில் ஒரு கூட்டத்தில் நாற்காலிகள் பறந்தன. கீழே 'களேபரம்' என்று எழுத்து ஓடியது. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் வகுப்பு எடுத்தவனுக்கு ஒரு சொல் கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாது.

களேபரம் என்றால் என்ன? கூச்சல், குழப்பம் என்பீர்கள். பழைய அகராதியைப் புரட்டுங்கள். உடம்பு, பிணம் என்று இருக்கும். இது வடசொல். பகவத் கீதை எட்டாம் அத்தியாயத்தில் 5, 6 ஆம் சுலோகங்களில் 'களேவரம்' என்று வருகிறது. கடைசி நேரத்தில் உடலை விடுகிறவன் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று சொல்லும் இடம் அது. பூரி ஜகந்நாதர் கோயிலில் பழைய மரத் திருமேனிகளை மாற்றி வேப்ப மரத்தில் புதிதாகச் செய்து வைப்பதற்கு 'நவகளேபரம்' என்றே பெயர். புது உடம்பு என்று பொருள். 1996இலும் 2015இலும் நடந்தது.

சத்தத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமா? கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்று நான்கு சொற்களைத் தொல்காப்பிய உரியியல் ஒரே இடத்தில் அடுக்குகிறது. அப்படியிருக்க, உடம்பைக் குறித்த வேதாந்தச் சொல் எப்படிக் கூச்சலாக மாறியது?

ஆராய்ச்சி எதையும் காட்டி இதற்கு நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வாசலைக் காட்டித்தான் சொல்கிறேன்.

திருமயம் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா தவறியபோது தங்கை சிங்கப்பூரில் இருந்தாள். வந்து சேர மறுநாள் மதியம் ஆகிவிடும். குளிர்ப்பெட்டியெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார் அண்ணன். தங்கச்சி முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்றேன் நான். பங்காளிகள் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் கிணற்றடி வயலில் வந்து நின்றது. சத்தம் போட்டவர்களில் என் குரல்தான் பெரிய குரல். வகுப்பறைக் குரல் அல்லவா!

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பனைவிசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்காமலே சொன்னது: "ஒங்க அப்பா சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாக. இன்னைக்கு அவுகளால போக முடியலப்பா."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஐஸ் கட்டி வாங்கிவர ஆள் அனுப்பியது அண்ணன்தான். தங்கை வந்து பார்த்தாள்.

இந்தச் சொல்லை முதலில் மாற்றிச் சொன்னவர் இப்படி ஒரு வாசலில்தான் நின்றிருப்பார் என்பது என் எண்ணம். நடுவில் உடல் கிடக்கிறது, சுற்றிலும் கூச்சல். நாளடைவில் உடல் மறந்து போய்க் கூச்சல் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

பைபிளில் ஆதியாகமம் 11ஆம் அதிகாரத்தில் பாபேல் கதை உண்டு. அங்கே பாஷை வேறு வேறாகிப் போனதால் ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்கவில்லை. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஒரே பாஷை, ஒரே தாய் வயிறு. ஆனாலும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

இப்போது துக்க வீடுகளுக்குப் போனால் குளிர்ப்பெட்டி இருக்கிறது, பெரிய ஒலிபெருக்கி இருக்கிறது, வாசலில் வெடி இருக்கிறது. அமைதிதான் இல்லை. ஒப்பாரியை நான் குறை சொல்லவில்லை. அது இறந்தவரைப் பார்த்துப் பேசுவது. நான் சொல்வது அவரை மறந்துவிட்டுப் பேசும் பேச்சை.

என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். ஒரு வேண்டுகோள். எப்போது எடுப்பது என்பதை வீட்டில் ஒருவர் முடிவு செய்யட்டும், மற்றவர்கள் கட்டுப்படுங்கள். கிணற்றடி வயல் எங்கும் ஓடிப்போகாது. பதினாறாம் நாள் கழித்துப் பேசிக்கொள்ளலாம். அந்த ஒரு நாள் மட்டும் களேபரம் என்ற சொல்லுக்கு அதன் பழைய பொருளைத் திருப்பிக் கொடுங்கள்.