பரிசுக் கவிதை யாருடையது?

டிசம்பர் 11-ல் பாரதி பிறந்த நாள்; அது முடிந்து மூச்சு விடுவதற்குள் பொங்கல் விழா. இந்த இரண்டு மாதங்களில் மும்பைத் தமிழ் மன்றங்களுக்கு ஓய்வே கிடையாது. தாராவி, மாதுங்கா, சயான், செம்பூர் என்று எங்கு பார்த்தாலும் மேடை, ஒலிபெருக்கி, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கவிதைப் போட்டி. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவில் வசூல் புத்தகத்துடன் மாடி மாடியாக ஏறி இறங்கும் அன்பர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் அந்த மேடைகளில் வாசிக்கப்படும் கவிதைகளைப் பற்றி மனம்விட்டுப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் மேடை ஏறுகிறான். தலைப்பு, 'தமிழின் பெருமை'. போன வருஷமும் அதுவேதான். எதுகையும் மோனையும் கச்சிதம். முச்சங்கம் வருகிறது, குமரிக் கண்டம் வருகிறது, இமயத்தில் வில் பொறித்த சேரன் தவறாமல் வருகிறான். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. இறங்கி வந்தவனிடம் அதில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறான். எழுதியவர் அப்பாவாக இருக்கும்; இல்லாவிட்டால் ஆசிரியர், அல்லது பக்கத்து வீட்டுப் புலவர் மாமா. பையன் செய்தது மனப்பாடம். நடுவருக்கும் இது தெரியும். முன்வரிசையில் பூரிப்போடு உட்கார்ந்திருக்கும் தகப்பனாருக்கும் தெரியும். எவர்சில்வர் டம்ளர் மட்டும் பையன் கைக்குப் போகிறது.

பிள்ளைக்குத் தமிழ் விட்டுப்போய்விடுமே என்ற தவிப்பில்தான் பெற்றோர் இதைச் செய்கிறார்கள். அந்தத் தவிப்பு நியாயமானது. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் உண்டு. இருந்தும் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கவே பல பெற்றோர் விரும்புகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலமும் மராட்டியும். தமிழ் காதிலும் நாவிலும் இருக்கிறது. கைக்கு இன்னும் வரவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு நான்கு பக்கக் கட்டுரை மலை. எட்டு வரிக் கவிதை அப்படியல்ல, முயன்றால் முடியும். கவிதைப் போட்டியின் முதல் பயன் இதுவே. அந்த எட்டு வரியையும் பெரியவரே எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன?

இதே ஊரில் நாராயண் சுர்வே என்று ஒரு மராட்டியக் கவிஞர் இருந்தார். பெற்றவர் யாரென்று தெரியாத குழந்தையை ஓர் ஆலைத் தொழிலாளி எடுத்து வளர்த்தார். ஆலையில் வேலை பார்த்து, பியூனாக இருந்து, பிறகு மாநகராட்சிப் பள்ளி ஆசிரியரானவர் அவர். 1966-ல் வந்த 'மாஜே வித்யாபீட்' என்ற அவருடைய நூலின் பெயருக்கு 'என் பல்கலைக்கழகம்' என்று பொருள். அவர் படித்த பல்கலைக்கழகம் மும்பைத் தெருதான். 1998-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. அதே தெருவில் தமிழ்ப் பிள்ளைகளும் நடக்கிறார்கள். அவர்கள் கவிதையில் மட்டும் அந்தத் தெருவைக் காணோம்!

தமிழில் மட்டும் இதற்கு உதாரணம் இல்லையா? பள்ளிப் படிப்பு அதிகமில்லாத பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பல தொழில் செய்து பிழைத்தவர். 1959-ல் 29 வயதில் மறைவதற்குள், தான் கண்ட உழைப்பையே பாட்டாக்கி விட்டுப் போனார். எட்டயபுரத்தில் 'பாரதி' பட்டம் கிடைத்தபோது சுப்பிரமணியத்துக்குப் பதினோரு வயது. யாராவது எழுதிக் கொடுத்ததை ஒப்பித்து வாங்கிய பட்டமா அது?

வழி ஒன்றும் சிரமமானதல்ல. தலைப்பை மண்டபத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். தாள் கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். பெற்றோர் வெளியே டீ குடித்துக் கொண்டிருக்கலாம். தலைப்பும் பிள்ளை அறிந்ததாக இருக்கட்டும்: விடியற்காலைக் குழாயடி, மழை நாளில் நின்றுபோன லோக்கல் ரயில், அப்பாவின் இரவு ஷிப்டு, கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் ரயிலில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டி. தமிழின் பெருமையை ஆண்டுவிழாப் பேச்சாளர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

எழுத்துப்பிழை வரும், றகரமும் ரகரமும் இடம் மாறும். நடுவர் சிவப்பு மையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. தண்ணீர் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு பெண் 'பாணி' என்று எழுதிவிட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். குழாயடியில் வரிசைக்காக அவள் சண்டை போடும்போது வாயில் வருவது அந்தச் சொல்தான். அவளைக் கூப்பிட்டு, வரி நன்றாயிருக்கிறது, வீட்டில் அம்மா இதை எப்படிச் சொல்வாள் என்று நடுவர் கேட்கட்டும். அவளே அடித்துவிட்டுத் திருத்தி எழுதுவாள்.