கடல் கடந்தோம், மதில் கடந்தோமா?

தமிழ்நாட்டிலிருந்து உத்தியோகம் நாடிக் குடும்பத்துடன் சிங்கப்பூருக்கு வந்து சேரும் நம்மவர், வீடு பார்ப்பதற்கு முன்னரே விசாரிக்கும் விஷயம் ஒன்றுண்டு. “பிள்ளைகளை எந்தப் பள்ளியிற் சேர்ப்பது?” என்பதே அது. பெற்றோர் எவரும் கேட்டே தீரவேண்டிய கேள்விதான். ஆயினும் அதற்கு அவர்களுட் பலர் தேடிக்கொள்ளும் விடையைக் காணுங்கால் நம் உள்ளம் வருந்துகின்றது. கட்டடம் எத்தகையது, கட்டணம் எவ்வளவு, ‘நம்மைப் போன்றவர்கள்’ அங்கே படிக்கின்றனரா என்னும் மூன்றையும் துருவித் துருவிக் கேட்கின்றனர். தமிழ் உண்டா என்னும் நான்காவது கேள்வியைக் கேளாமலே பணத்தைக் கட்டிவிடுகின்றனர். இதனைக் கண்டும் வாளா இருத்தல் நமக்குத் தகாது.

இந்நாட்டின் நிலைமையை முதலில் தெளிந்துகொள்வோம். தமிழ் இங்கே ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. அரசாங்கப் பள்ளிகளில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறினும், தாய்மொழி கட்டாயப் பாடமாக உள்ளது. தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டின் இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய நான்கும் சமமாகவே மதிக்கப்படுகின்றன. கணிதத்துக்கு உள்ள எடையே தமிழுக்கும் உண்டு. தமிழகத்தை விட்டு ஆயிரக்கணக்கான கல் தொலைவு வந்த பின்னரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அதன் மொழியை அரசாங்கமே ஆசிரியர் வைத்துக் கற்பிக்கின்றதென்றால், அப்பேறு உலகில் எத்தனை நாடுகளிற் கிட்டும்?

இப்பேறு வானத்திலிருந்து விழுந்ததன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டியபோது, வாரி வழங்கியவர் செல்வர் மட்டும் அல்லர். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உடல் நோக உழைத்தவர்கள் தம் கூலியிற் கிள்ளிக் கொடுத்தனர். அவருட் பலர் தாம் பள்ளிவாசலை மிதித்தறியாதவர். இங்கே தமிழிலேயே எல்லாப் பாடங்களையும் பயிற்றுவித்த பள்ளிகளுள் கடைசியாக எஞ்சி நின்ற உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதற்குப்பின் நமக்கு மிஞ்சியது தமிழ்ப்பாட வகுப்பு ஒன்றே. அவ்வகுப்பில் உட்காரப் பிள்ளைகள் வந்தால் அது நிலைக்கும், வாராவிடில் தேயும்.

இந்நிலையில், தமிழை வீட்டிற் சரளமாகப் பேசும் பிள்ளையொன்று ஊரிலிருந்து வந்து இறங்குகின்றது. அதனைப் பெற்றோர் எங்கே கொண்டு விடுகின்றனர்? இந்தியப் பாடத்திட்டத்தின்படி நடக்கும் அனைத்துலகப் பள்ளியொன்றில் விடுகின்றனர். அத்தகைய பள்ளிகளிலும் தமிழைத் தேர்ந்தெடுக்க இடமளிப்பவை உண்டு. ஆயினும் அங்கேயும் இந்தியை எடுப்போர் சிலர். பிரெஞ்சை எடுப்போர் சிலர். ஏனென்று கேட்டால், “தமிழ்தான் வீட்டிலேயே பேசுகிறோமே!” என்கின்றனர். நன்று! சோறும் வீட்டிலேதான் உண்கின்றோம். அதனால் சமைக்கத் தெரிந்துவிட்டதா? பேச்சு வேறு, எழுத்து வேறு, இலக்கியம் வேறு. எழுதப் படிக்கப் பயிலாத பிள்ளையின் நாவில் தமிழ் ஒரு தலைமுறை தங்கும். அதன் பிள்ளைக்கு அதுவும் இராது. 2020ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, சிங்கப்பூர் இந்தியருட் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியும் பேசுவது ஆங்கிலமே. தமிழ் பேசுவோர் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. வீடு காக்கும் என்று நம்பியிருந்த குடும்பங்களின் கதை இதுவே.

“நாளை வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால் பிள்ளையின் படிப்பு என்னாவது?” என்பது மற்றொரு காரணம். இதனை நாம் எளிதில் தள்ளிவிடமாட்டோம். வேலை அனுமதியை நம்பி வாழ்வோரின் அச்சம் பொய்யன்று. இங்கே பள்ளியாண்டு ஜனவரியிலே தொடங்குகின்றது. அங்கே ஆண்டின் நடுவிலே புதிய வகுப்பு பிறக்கின்றது. பத்தாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அழைத்து வந்த தந்தை இந்தியப் பாடத்திட்டத்தை நாடுதல் குற்றமாகாது. ஆனால் ஆறு வயதுக் குழந்தையின் பெற்றோரும், இங்கேயே நிரந்தரவாசம் பெற்று, வீடும் வாங்கி, திரும்பும் எண்ணமே இல்லாதவரும் இதே காரணத்தைக் கூறுவதை எவ்வாறு ஏற்பது? ஊர் திரும்பும் அச்சம் மெய்யாயின், திரும்பும் பிள்ளைக்குத் தமிழன்றோ முதலில் வேண்டும்!

அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைப்பது அரிது என்பாரும் உளர். உண்மை. முதலாம் வகுப்பிற் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இடம் அளித்த பின்னரே வெளிநாட்டுப் பிள்ளைகளின் முறை வரும். மேல்வகுப்பிற் சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்வெழுத வேண்டும். தேறினாலும் காலியிடம் இருத்தல் வேண்டும். கட்டணமும் குடிமக்கள் செலுத்துவதினும் பன்மடங்கு. முயன்றும் இடம் பெறாதவரை நாம் குறை கூறோம். முயலாமலே, “அப்பள்ளிகளில் யார் யாரோ படிக்கிறார்கள்” என்று முகஞ்சுளிப்போரையே குறை கூறுகின்றோம்.

யார் அந்த ‘யார் யாரோ’? பேருந்து ஓட்டுபவர் மகனும், அங்காடிக் கடையில் மீன் பொரிப்பவர் மகளும், மலாய்ப் பிள்ளையும், சீனப் பிள்ளையும், மூன்று தலைமுறையாக இங்கே வாழும் தமிழ்ப் பிள்ளையும் அல்லரோ? இவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து உண்டால் நம் பிள்ளையின் தரம் தாழ்ந்துவிடுமோ? ‘நம்மைப் போன்றவர்கள்’ என்னும் சொல்லுக்குள் சம்பளம் அடங்கும், உத்தியோகம் அடங்கும், வாயினாற் சொல்ல வெட்கப்படும் ஜாதியும் சிலர் உள்ளத்தில் அடங்கும். ஊரிலே தெருவுக்குத் தெரு எழுப்பிய மதிலைப் பெட்டியில் மடித்து வைத்து விமானமேற்றிக் கொண்டுவந்து, இங்கே பள்ளிக் கட்டணத்தால் மீண்டும் எழுப்புகின்றோம். கடல் கடந்தும் மதில் கடவாதவன் எந்த நாட்டுக்கு வந்தவன்? பத்தாண்டு இங்கு வாழ்ந்தும், அண்டைவீட்டுப் பிள்ளையோடு பேசச் சொல்லின்றி வளரும் சிறுவனுக்கு இந்நாடு வெறும் விடுதியே.

இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த தமிழர்க்கும் ஒரு வார்த்தை. “ஊரிலிருந்து வந்தவர்கள்” என்று புதியவரைப் பரிகசித்து ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா? நம் பாட்டன்மாரும் ஊரிலிருந்து வந்தவர்களே. புதிய பிள்ளை தன் ஊர்த்தமிழிற் பேசியதும் சிரிக்கும் வகுப்பில், அப்பிள்ளை மறுநாள் வாய் திறக்குமா? வந்தவர் மதிலெழுப்ப நாமும் கல்லெடுத்துக் கொடுக்கலாகாது.

ஆகவே, புதிதாகக் குடிபெயரும் பெற்றோரை நாம் வேண்டிக்கொள்வது இதுவே. பள்ளியைத் தேர்ந்தெடுக்கையில் விளம்பரத் தாளை மூடிவைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்பள்ளியில் என் பிள்ளை தமிழ் எழுதப் படிக்கக் கற்குமா? இந்நாட்டு மக்களின் பிள்ளைகளோடு அது விளையாடுமா? நாள்தோறும் வழியிலேயே பொழுதைக் கழிக்காமல் உண்ணவும் உறங்கவும் அதற்கு நேரம் இருக்குமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்னும் விடை வீட்டருகிலுள்ள எளிய அரசாங்கப் பள்ளியிற் கிடைக்குமாயின், தொலைவிலுள்ள பெரும்பெயருக்காக அதனைத் துறக்காதீர்கள். எங்கே சேர்த்தாலும் தமிழை மட்டும் கைவிடாதீர்கள்.

கூலிக்காரன் தன் காசைக் கொடுத்துக் காத்த மொழியை, படித்தவன் பணம் கட்டித் தன் பிள்ளைக்கு மறக்கடித்தான் என்னும் பழி நம் தலைமுறைக்கு வேண்டா.