சாமானுக்கும் சாவிக்கும் இடம் எங்கே?

மின்சைக்கிள் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும்? மேடு ஏறுமா? கடைக்காரர்களும் இந்த இரண்டுக்குத்தான் பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய்வரும் எனக்கு இவை ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை. சுமார் எட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு எந்தப் பேட்டரியும் போதும். பையை எதில் வைப்பது, சாவியை எங்கே வைப்பது, வண்டியை எதோடு சேர்த்துப் பூட்டுவது? வாங்கிய மின்சைக்கிளை ஒருவர் தொடர்ந்து ஓட்டுவாரா, கொஞ்ச நாளில் மாடிப்படிக்கு அடியில் போட்டுவிடுவாரா என்பது இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. இவற்றைப் பற்றிக் கடையிலும் பேச்சில்லை, அரசாங்கத்திலும் பேச்சில்லை.

நான் துன் சம்பந்தன் சாலையில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கு எழுதுகிறவள். தினமும் என்னோடு மடிக்கணினி, ரசீதுக் கோப்பு, சாப்பாட்டுக் கேரியர், மழைக்கோட்டு, மாற்றுச் சட்டை எல்லாம் வரும். வெள்ளிக்கிழமையானால் ஜாலான் ஈப்போ தண்டாயுதபாணி கோயிலுக்குப் பூவும் தேங்காயும் சேர்ந்துகொள்ளும். மாலையில் காய்கறி. வேலைக்குப் போய்க் குடும்பத்தையும் பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் பயணம் என்றால் சாமானோடுதான். கையை வீசிக்கொண்டு போகிறவரை மனத்தில் வைத்துச் செய்த வண்டி எங்களுக்கு உதவாது.

முதுகுப்பை வசதி என்பார்கள். கோலாலம்பூர் வெயிலில் சவ்கிட் தாண்டுவதற்குள் முதுகு முழுக்க நனைந்துவிடும். பாரம் முழுவதும் தோளில் ஏறி, வண்டியின் நிதானமும் குறையும். ஹேண்டில்பாரில் மாட்டும் பை அதைவிட மோசம். திருப்பத்தில் ஆடி, முன்சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தால் ஆளையே தூக்கி எறியும். தோள்பையை நினைத்தாலே எனக்குப் பயம். மோட்டாரில் வந்து பையைப் பறிக்கிறவனுக்கு அது ஒரு கைப்பிடி. பை அறுந்தால் பொருள்தான் போகும். அறுந்து போகாவிட்டால் அதோடு பெண்ணும் சாலையில் இழுபட்டுப் போவாள். 2004-ல் தொடங்கிய பாதுகாப்பான நகர் திட்டத்தில் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே கம்பித் தடுப்பு போடச் சொன்னார்கள். நடந்து போகிறவர்களுக்கு அது ஒரு காவல். சாலையிலேயே போகிற எங்களுக்கு அந்தக் காவல் இல்லை. கை எட்டாத இடத்தில், மூடி போட்டுப் பை இருந்தால்தான் உண்டு.

சாமான் ஏற்றுகிற வித்தையை வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே நமக்கு இல்லை. சாயங்காலம் ஹாரன் அடித்துக்கொண்டு வீதி வீதியாக வரும் ரொட்டிக்காரரின் மோட்டாரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் பெட்டி. உள்ளே நசுங்கக்கூடாத ரொட்டி. வெளியே சுற்றிலும் கொக்கிகளில் முறுக்கு, பிஸ்கட், பக்கோடா பொட்டலங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குவதால் வண்டி சாய்வதில்லை. பணப்பை அவர் இடுப்பை விட்டு நகராது. ஈப்போ புந்தோங்கில் எட்டயபுரத்துக்காரர்கள் குடியேறி வளர்த்த கச்சாங் பூத்தே என்னும் கடலை வியாபாரமும் தலைக்கூடையில் தொடங்கி, சைக்கிளுக்கும் மோட்டாருக்கும் இப்படித்தான் மாறியது. சைக்கிளை முதலில் வாங்கி, அதற்கேற்றபடி சாமானைக் குறைத்தவர்கள் அல்ல இவர்கள். தங்கள் சாமானுக்கு ஏற்றபடி பட்டறையில் சட்டம் அடித்து வாங்கியவர்கள்.

அதையேதான் நானும் செய்தேன். பின்கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகள். ஒன்றில் மடிக்கணினி, சட்டையில் சுற்றி, சக்கரத்தை ஒட்டிய பக்கமாக. மற்றதில் சாப்பாட்டுக் கேரியர் நிமிர்ந்து நிற்கும். சாம்பார் சிந்தாமல் இருக்க நான்கு பக்கமும் துணி செருகிவிடுவேன். பாரம் எவ்வளவு தாழ்ந்து சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, வண்டி அவ்வளவு சொன்னபடி கேட்கும். முன்கூடையில் மழைக்கோட்டு மட்டும். பிற்பகல் இடிமழைக்குப் பையின் வாயை மூன்று மடிப்பு சுருட்டிக் கட்டுகிறேன். ஜிப் வைத்த பை நம்ம ஊர் மழைக்குத் தாங்காது. கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும், என்னுடையதில் 25. வாங்கும்போது குனிந்து அதைப் பார்ப்பவர் குறைவு. மலிவு வண்டிகள் சிலவற்றில் அந்த எண்ணே இருக்காது. அவற்றை வாங்காதீர்கள்.

இன்னொரு சுமையையும் மறந்துவிடுகிறோம். பேட்டரி. லித்தியம் பேட்டரி என்றால் மூன்று நான்கு கிலோ, கழற்றி மாடிக்குக் கொண்டுபோகலாம். ஈய அமிலப் பேட்டரி வைத்த வண்டி விலை குறைவு. 12 வோல்ட் பேட்டரி நான்கு சேர்ந்தால் பதினாறு கிலோவுக்குக் குறையாது. அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதான நாளில் அதை யார் தூக்குவது? கீழே சார்ஜ் போட இடமில்லாத வீட்டுக்காரர் அந்த வண்டியை வாங்கினால் காசு வீண்தான்.

இனி சாவி. என் கொத்தில் வீட்டுக் கிரில், வாசற்கதவு, தபால்பெட்டி, கடை ஷட்டர், பணப்பெட்டி என்று ஏற்கெனவே ஒரு கூட்டம். மின்சைக்கிள் வந்ததும் சுவிட்ச் சாவி, பேட்டரிச் சாவி, சக்கரப் பூட்டுச் சாவி என்று மேலும் மூன்று. எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து சுவிட்சில் தொங்கவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்தக் கனம் ஆடி, சுவிட்சின் துவாரம் தேய்ந்து தளர்ந்துவிடும். தவிர, ஒரு நிமிட வேலைதானே என்று சாவியை வண்டியிலேயே விட்டுத் தப்பாவ் சாப்பாடு வாங்க இறங்கினால், வண்டியோடு வீட்டுச் சாவியும் கடைச் சாவியும் போகும். வண்டிச் சாவிகள் தனி வளையத்திலும் வீட்டுச் சாவிகள் பைக்குள் தைத்த கொக்கியிலும் இருக்கட்டும். வண்டி வாங்கும்போது சாவியோடு சின்ன உலோகத் தகட்டில் ஓர் எண் தருவார்கள். அதை வீட்டில் எழுதி வைத்தால்தான் தொலைந்த சாவிக்கு மறுசாவி கேட்க முடியும். பேட்டரிப் பூட்டின் சாவி சில வகைகளை நம் சாவி வெட்டும் கடைகளில் வெட்ட முடிவதில்லை.

என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவர் சைக்கிளில் பின்சக்கரத்தைச் சுற்றி ஒரு வளையப் பூட்டு இருந்தது. பூட்டாத வரை சாவியை அதிலிருந்து உருவ முடியாது. ஓட்டும்போது சாவி தொலைய வழியே இல்லை. பூட்டினால் கைக்கு வந்துவிடும். இவ்வளவு எளிய நல்ல யோசனையை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான ரிங்கிட் வண்டிக்கு மூன்று சாவி தருவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஒரே சாவி செய்ய முடியாததல்ல. ஜெர்மனியின் ஆபுஸ் பூட்டுகளில் பேட்டரிக்கும் சக்கரத்துக்கும் ஒரே சாவி என்ற ஏற்பாடு உண்டு. நம் இறக்குமதியாளர்களும் அதைக் கேட்டு வாங்கி வரலாம்.

பூட்டு நல்லதாக இருந்தாலும் பூட்ட ஒரு கம்பம் வேண்டும். என் வழியில் அப்படித் தேடினால் கிடைப்பது சாலைப்பலகைக் கம்பமும் கடை வேலியும்தான். சில இடங்களில் முன்சக்கரத்தை மட்டும் செருகும் தாழ்ந்த கம்பி வரிசை வைக்கிறார்கள். சாமான் ஏற்றிய மின்சைக்கிள் அதில் சாய்ந்தால் சக்கரம் கோணும், சக்கரத்தைக் கழற்றினால் மிச்ச வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். தரையில் சிமெண்டில் பதித்த, கவிழ்த்து வைத்த ப வடிவ இரும்புக் குழாய் போதும். சட்டத்தையே இரண்டு இடத்தில் சேர்த்துப் பூட்டலாம். மேலே ஒரு கூரை. இதற்கு ஆகும் செலவு ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கு ஆவதைவிடக் குறைவு.

மின் மோட்டார் சைக்கிள் வாங்க, ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டவர்களுக்கு 2,400 ரிங்கிட் வரை தள்ளுபடி என்று 2024 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நல்ல காரியம். வாங்க மட்டும் உதவினால் போதாது, வைக்கவும் இடம் வேண்டும். ரயிலில் ஏற்றிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு லண்டனைச் சொல்வேன். தீ அபாயத்தைக் காரணம் காட்டி, மடக்க முடியாத மின்சைக்கிள்களுக்கு அந்நகரப் பொதுப்போக்குவரத்து நிர்வாகம் 2025 மார்ச் 31 முதல் தன் ரயில்களில் தடை போட்டது. அந்தப் பயம் நியாயமானது. அப்படியானால் நிலையத்தின் வாசலிலேயே வண்டியை நம்பிக்கையாக விட்டுப்போக இடம் கொடுப்பதுதான் வழி.

அடுக்குமாடிகளிலும் இதே பயம்தான் பேசப்படுகிறது. பேட்டரியை வீட்டு வாசலில், ஆட்கள் இறங்கி ஓட வேண்டிய வழியில் சார்ஜ் போடுவதை நானும் எதிர்க்கிறேன். தடை மட்டும் போட்டு மாற்றிடம் காட்டாவிட்டால், ஆட்கள் ராத்திரியில் படுக்கையறையில் போட்டுத் தூங்குவார்கள். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வீட்டுக்காரர்களுக்கு உரிமை உண்டு. எங்கள் மாடியின் அடுத்த கூட்டத்துக்கு என் தீர்மானத்தை எழுதிவிட்டேன். கீழ்த்தளத்தில் படிக்கட்டிலிருந்து தள்ளி, காற்றோட்டமான ஒரு மூலை. பத்து இரும்புக் குழாய். தனி மீட்டரும் தானே அணையும் ஃபியூஸும் வைத்த பிளக்குகள். பயன்படுத்துகிறவர் மாதக் கட்டணம் கட்ட வேண்டும். கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அவரிடம் சைக்கிள் இல்லை. மகனுக்கு வாங்கலாம் என்றிருப்பதாகச் சொல்லிவிட்டு, குழாய் பத்து போதுமா, இருபதாக எழுது என்றார்.