காரைக்காலில் மனை வாங்கலாமா, குடியேறலாமா? எல்லைக்கோடு சொல்லும் கணக்கு

பெட்ரோல் விலை கம்மி, பக்கத்திலேயே கடல், துறைமுகம் அதானி கைக்கு வந்தாச்சு, பேரளம் ரயில் பாதையும் மறுபடி போட்டாச்சு. காரைக்காலைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்த நாலு விஷயமும் வந்துவிடும். நாலுமே உண்மைதான். ஆனால் அங்கே மனை வாங்கவோ, கடை போடவோ, குடும்பத்தோடு குடியேறவோ நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஐந்தாவது விஷயத்தை: எல்லைக்கோடு.

காரைக்கால் எங்கே இருக்கிறது, யாருடையது?

சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2 லட்சத்துச் சொச்சம். ஒரு பக்கம் வங்கக் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஆனால் ஆட்சி புதுச்சேரி யூனியன் பிரதேசத்துடையது. தலைநகரான புதுச்சேரி நகரம் சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே, நடுவில் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டைக் கடந்து போக வேண்டும்.

இதற்குக் காரணம் பழைய வரலாறு. 1739-ல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. அப்போது தமிழ்நாட்டோடு சேராமல் புதுச்சேரி, மாஹே, ஏனாம் ஆகியவற்றோடு ஒரே யூனியன் பிரதேசமாக நின்றது.

மலிவு என்பது எவ்வளவு உண்மை?

வரி குறைவு என்பதால் பெட்ரோலும் மதுவும் தமிழ்நாட்டைவிட மலிவு. இந்தச் சலுகை கண்ணுக்குத் தெரியும். அதே எல்லை வைக்கும் செலவுதான் சட்டென்று தெரியாது.

ஒரு சின்ன கடையை எடுத்துக்கலாம். தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. புதுச்சேரி பிரதேசத்தில் அந்த வரம்பு 20 லட்சம்தான். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர், பக்கத்து ஊர்தான். ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் அது வேறு மாநிலம். வரிக்குரிய சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் எல்லை தாண்டிச் சரக்கு விற்கவே முடியாது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை சரக்குக்கு இ-வே பில் வேண்டாம். எல்லையைக் கடந்தால் 50,000 ரூபாய்க்கு மேலேயே வேண்டும்.

அதாவது, வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நாகூர், நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்றால், கடை வாடகைக்கு முன்னாடி கணக்காளர் செலவைப் போட்டுப் பார்க்கணும். வீட்டிலிருந்து மென்பொருள், வடிவமைப்பு போன்ற சேவை தருபவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. மாநிலம் தாண்டினாலும் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை.

நிலம் வாங்குவோர் என்ன பார்க்கணும்?

முதல் விஷயம் பத்திரம். தமிழ்நாட்டு இணையப் பட்டா சேவையில் காரைக்கால் நிலம் வராது. புதுச்சேரியின் 'நிலமகள்' பதிவேட்டில்தான் தேட வேண்டும். சில பழைய சொத்துகளின் மூலப் பத்திரம் பிரெஞ்சில், அக்கால நோத்தேர் எழுதியதாக இருக்கும். மொழிபெயர்த்துப் படிக்காமல் முன்பணம் கொடுப்பது ஆபத்து.

வாரிசுரிமையிலும் ஒரு சிக்கல் உண்டு. 1881-ம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் குல வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' எனப்படுவார்கள். 1963-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, இவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு வைக்கப்பட்டது. விற்பவரின் குடும்பம் அந்த வழியில் வந்ததா என்பதைப் பொறுத்து, யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே மாறலாம். வாரிசுகளில் சிலர் பிரான்சில் இருப்பதும் இங்கே சகஜம். இந்தச் சட்டம் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இரண்டாவது, நீர். காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு, திருமலைராஜன் ஆறு, நூலாறு எல்லாம் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் இங்கே வருகின்றன. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டிஎம்சி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாக மாறும் பிரச்சினையும் உண்டு. மனையின் சதுர அடி விலையைக் கேட்கும் முன் போர்வெல் தண்ணீரைப் பரிசோதிப்பது நல்லது.

மூன்றாவது, கடல். 2004 சுனாமியில் இங்கே நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பக்கத்தில் கரை கடந்தபோது இந்தக் கடற்கரையும் அடி வாங்கியது. கடற்கரை மனை என்றால், கடலோர ஒழுங்குமுறை வரைபடத்தில் அந்த சர்வே எண் கட்டுமானத் தடைப் பகுதிக்குள் வருதா என்று பார்த்தே ஆகணும்.

துறைமுகமும் ரயிலும் விலையை ஏற்றுமா?

கீழவாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் துறைமுகம் திவால் நடவடிக்கைக்குப் போய், 2023 ஏப்ரலில் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி நிறுவனத்திடம் வந்தது. ஆனால் நிலக்கரி போன்ற மொத்தச் சரக்கைக் கையாளும் துறைமுகம், ஐடி பூங்கா போல ஆயிரக்கணக்கில் சம்பளக்காரர்களைக் குடியமர்த்தாது. நிலக்கரித் தூசு பற்றி நாகூர் மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள். இதிலும் எல்லை குறுக்கே நிற்கிறது: தூசு விழுவது தமிழ்நாட்டில், துறைமுகத்தைக் கண்காணிப்பது புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம்.

பேரளம் பாதை முதலில் 1898-ல் வந்தது, 1980-களில் மூடப்பட்டது. சுமார் 23 கிலோமீட்டர் பாதை இப்போது அகலப் பாதையாகத் திரும்பியிருக்கிறது. மயிலாடுதுறை வழித்தடத்தோடு நேரடி இணைப்பு என்பது திருநள்ளாறு பக்தர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரிய வசதி. ஆனால் பாதை வருவது வேறு, வேலை வருவது வேறு.

அப்போ குடியேற ஏற்ற ஊரா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. ஜிப்மர் கிளை, என்ஐடி, வேளாண் கல்லூரி, ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் எல்லாம் இந்தச் சின்ன ஊரில் இருப்பது பெரிய பலம். அங்கே வேலை கிடைத்தவர்களுக்கும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் அமைதியான வாழ்க்கை. தனியார் வேலை தேடி வருபவர்களுக்கு வாய்ப்பு குறைவு.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் யோசிக்கணும். உயர்கல்விக்குப் புதுச்சேரியின் சென்டாக் கலந்தாய்வில் காரைக்காலுக்குத் தனிப் பங்கு உண்டு. அதற்கு வசிப்பிடச் சான்று வேண்டும். பிளஸ் டூ முடிந்த பிறகு வீடு மாறினால் பலன் இல்லை.

தெருவிளக்கு எரியலன்னா யாரிடம் கேட்பது? உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். 2021-ல் அறிவித்த தேர்தலும் நடக்கவில்லை. வார்டு உறுப்பினர் இல்லாததால் அதிகாரியிடமோ, ஐந்து எம்எல்ஏக்களில் ஒருவரிடமோதான் போகணும். முடிவு புதுச்சேரியிலிருந்து வரும்.

சும்மா போய்ப் பார்த்துவிட்டு வர?

அதற்குத் தயங்க வேண்டியதில்லை. ஆனி பௌர்ணமியை ஒட்டிய காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா, திருநள்ளாறு, மஸ்தான் சாகிப் தர்கா, தேற்றரவு அன்னை ஆலயம், அரசலாறு கடலில் சேரும் கடற்கரை என எல்லாம் ஒரே நாளில் பார்க்கலாம். தரங்கம்பாடியும் நாகூரும் அரை மணி நேரத் தூரம். சனிப்பெயர்ச்சிக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கணும்: திருநள்ளாறு பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். 2025 மார்ச் 29 என்று பலர் சொன்ன பெயர்ச்சி அங்கே அன்று நடக்கவில்லை. கோயில் அறிவிப்பைப் பார்த்து அறை போடுங்க. திரும்பும்போது மது பாட்டில் வேண்டாம், எல்லையில் சோதனை உண்டு.

சுருக்கமாக

லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்பது குடியேறக் காரணம் ஆகாது. வேலை கையில் இருக்கா, தண்ணீர் நல்லா இருக்கா, பத்திரம் தெளிவா இருக்கா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் காரைக்கால் நல்ல முடிவு. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், துறைமுகத்தையும் ரயிலையும் நம்பி முன்பணம் கொடுக்க அவசரம் வேண்டாம்.