வயிற்றுக்கு எத்தனை சதவிகிதம்?



வடசேரியிலே கோயில் நகை செய்யும் பொற்கொல்லரிடம் ஒரு துண்டுப் பொன்னைக் கொடுத்துப் பாருங்கள். உரைகல்லில் உரைக்காமல் மாற்றுச் சொல்லமாட்டார். அந்த வடசேரியிலிருந்தும் நாஞ்சில் நாட்டின் ஏனைய ஊர்களிலிருந்தும் பட்டாளத்துக்குப் போனவர்கள் பலர். திருவிதாங்கூரின் பழைய நாயர் படைதானே பின்னர் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம் பட்டாலியன் ஆயிற்று! அப்படிப் போய், வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு திரும்பியவனின் உடலுக்கு டில்லி சர்க்கார் மாற்றுச் சொல்கிறதே, அது எந்தக் கல்லில் உரைத்த மாற்று?

1961-ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய விதிகள் ஒரு கோடு கிழித்தன. ஊனம் 20 சதவிகிதமாவது இருக்க வேண்டும். அது படைப்பணியால் வந்ததாகவோ, பணியால் வளர்ந்ததாகவோ இருக்க வேண்டும். கால் போனால் கண்ணுக்குத் தெரிகிறது. வயிறு போனால்? சட்டைக்குள்ளே ஒரு தழும்பு, அவ்வளவுதான். மருத்துவக் குழு 'பதினைந்து முதல் பத்தொன்பது' என்று எழுதிவிட்டால், அந்த ஒரு புள்ளியிலே ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருவாய் அறுந்துபோகிறது. வயிற்றுப்புண் நோயாளிக்கோ வேறொரு வாசகம் காத்திருக்கிறது: 'உடல்வாகால் வந்தது, பணியால் வந்ததன்று!' சேர்க்கும்போது மார்பை அளந்து, கண்ணைச் சோதித்து, நோயற்றவன் என்று முத்திரை குத்தியவர் யார்?

இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவனின் பாட்டை நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியிலே காண வேண்டும். பருப்பு, சாம்பார், பிரதமன் என்று வரிசை வருகிறது. அவனோ நாலு வாய்க்குமேல் உண்ண முடியாது. மீறி உண்டால் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல பி12 சத்துக் குறைந்து இரத்தம் சோகைபடும். இப்படிப்பட்டவன் காவல்காரன் வேலைக்கேனும் முழுநாள் நிற்க முடியுமா? இட்லரின் படைகூட இதை அறிந்திருந்தது! 1944-இல் வால்கரன் தீவிலே வயிற்று நோயாளிகளைத் திரட்டி ஒரு டிவிஷனாக நிறுத்தியபோது, அவர்களுக்கு வெள்ளை ரொட்டி தனியாகக் கொடுத்தார்கள். மனிதாபிமானத்தால் அன்று, ஆள் பஞ்சத்தால். ஆனாலும் வயிற்றைக் கணக்கில் எடுத்தார்கள்.

இனி, அநீதியின் ஆணிவேருக்கு வருவோம். வயிற்றைத் திறந்து அறுவை செய்தால், உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு பத்தாண்டு, இருபதாண்டு கழித்தும் குடலை முறுக்கி அடைக்க வல்லது. மருத்துவ நூல் இவ்வாறு சொல்ல, 2008-இல் எழுதிய உரிமை விதிகள் என்ன சொல்லின? பணியை விட்டு 15 ஆண்டு கழித்துக் கோரிக்கை வந்தால், அதற்குள் ஆவணங்கள் அழிக்கப்பட்டிருக்குமாதலால், நிரூபிக்கும் சுமை கேட்பவன் தலைமேல்! கவனித்தீர்களா? காகிதத்தை வைத்திருந்தது சர்க்கார், அழிப்பதும் சர்க்கார், சாட்சி கொண்டுவர வேண்டியவன் மட்டும் சிப்பாய்!

நீதிமன்றம் கண் திறக்கவில்லையா? திறந்தது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கிலே, சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியிலே வந்ததாகவே கொள்ளப்படும் என்றது உச்ச நீதிமன்றம். 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கிலே, படையை விட்டு அனுப்பும் அளவுக்கு ஊனமென்றால் அது 20-க்குக் குறையாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில், ராம் அவதார் வழக்கோடு சேர்ந்த சர்க்காரின் நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகள் ஒரே தீர்ப்பில் தள்ளுபடியாயின. தன் சிப்பாய்களை எதிர்த்து நூற்றுக்கணக்கில் வழக்காட வக்கீல் கூலி இருக்கிறது. ஒட்டிய குடலுக்குக் கொடுக்கத்தான் காசில்லை!

2023-இல் புதிய விதிகள் வந்தன. சலுகையைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். பொய்யன் ஒருவன் இருக்கலாம். அவனைப் பிடியுங்கள், வேண்டாமென்று சொன்னோமா? அவனைக் காட்டி, 700 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் பத்தியக் கஞ்சியோடு ரயிலேறும் கிழவனை ஏன் வதைக்கிறீர்கள்?

தோழர்களே, உங்கள் தெருவிலே வயிற்றுத் தழும்போடு ஒரு முன்னாள் படைவீரர் இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். விடுவிப்புப் புத்தகமும் மருத்துவக் குழு அறிக்கையும் கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். 15 ஆண்டு நிறையுமுன் மறு மதிப்பீட்டுக்கு எழுதிக்கொடுக்கச் செய்யுங்கள். நாகர்கோவிலிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த 15 ஆண்டுக் கோட்டை அழிக்கும்படி டில்லியிடம் கேட்க வேண்டியது நம் எம்.பி.க்களின் வேலை, அதைக் கேட்கச் செய்ய வேண்டியது நம் வேலை.