இவ்வளவு தூரம் வந்துட்டு...

மீஞ்சூரில் மலை கிடையாது. எங்கள் ஊரில் ஆள் ஏறக்கூடிய உயரமான இடம், ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலம். அதைவிட உயரமாக அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் உண்டு. அதில் ஏற வாட்ச்மேன் விடமாட்டார். இப்படி ஒரு தட்டையான ஊரில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, முப்பத்தைந்து வருஷம் சமதளமாக வாழ்ந்துவிட்ட நான் மலை ஏறப் போனதற்குக் காரணம், கும்மிடிப்பூண்டி லோக்கல்.

காலை வண்டியில் எங்கள் கோஷ்டி நாலு பேர். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. பார்க்கிற வேலைதான் பேர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர், ஸ்டோர்ஸ் அண்ணன். வயசு நாற்பத்தாறு. இன்னொரு கம்பெனியில் லோடு அனுப்புகிற பையன், டெஸ்பாட்ச். வயசு இருபத்துநாலு. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர் க்யூ.சி. காலை இட்லி முதல் மத்திய பட்ஜெட் வரை எதைக் கொடுத்தாலும் ரிஜெக்ட் செய்வார். நான் பி.காம். இரண்டு மூன்று சின்னக் கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பதும், மிச்ச நேரத்தில் இப்படிப் பத்திரிகைக்கு எழுதுவதும் தொழில். இரண்டில் எதில் கற்பனை அதிகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன வருஷம் மே மாசம், ஸ்டோர்ஸ் அண்ணன் வண்டியில் ஏறியதும் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். பெண் பிளஸ் டூ பாஸ். லட்டை நாங்கள் விழுங்கும் வரை காத்திருந்து, விஷயத்தைப் போட்டார்.

"பொண்ணு பாஸ் பண்ணிட்டா வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி வரேன்னு வேண்டிக்கிட்டேன். தனியாப் போக வேணாங்கறா உங்க அண்ணி. நீங்க மூணு பேரும் வர்றீங்க."

லட்டைத் திருப்பித் தர வழியில்லை.

வெள்ளியங்கிரி பற்றித் தெரியாதவர்களுக்கு: கோயம்புத்தூருக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏழு மலை. உச்சி ஏறக்குறைய 6,000 அடி. போக மட்டும் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற அனுமதி. ஆக, எங்களுக்கு இருந்தது மூன்று வாரம்.

6 கிலோமீட்டரா! மீஞ்சூரிலிருந்து பொன்னேரிக்குப் போகிற தூரம்கூட இல்லையே என்று டெஸ்பாட்ச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை.

1892-ல் வில்லியம் நைஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம். அது போக, ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். பூண்டி அடிவாரமே 1,500 அடிக்கு மேல் இருக்கும் என்பதால், ஏற வேண்டியது 4,400 அடி என்று வைத்துக்கொண்டேன். தூரத்துக்கு ஒன்றேகால் மணி, உயரத்துக்கு இரண்டேகால் மணி, மொத்தம் மூன்றரை மணி நேரம். இது உடம்பு முறுக்கேறிய ஸ்காட்லாந்துக்காரருக்கு, அதுவும் எங்கும் உட்காராமல் போனால். நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஜாதிக்கு ஐந்தோ ஆறோ மணி. அப்புறம் இறங்க வேண்டும். இறங்குவதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை.

பயிற்சிக்கு எங்கள் ஊர் மலையையே பிடித்தேன். நடைமேம்பாலத்துக்கு நாற்பது படி. ஒரு படி அரை அடி என்றால் இருபது அடி உயரம். 4,400 அடிக்கு 220 தடவை ஏற வேண்டும். முதல் நாள் எட்டாவது தடவையிலேயே ரயில்வே போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"யாரைத் தேடறீங்க?"

"யாரையும் இல்ல சார், மலைக்குப் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாலாவது பிளாட்பாரம் இங்க கிடையாது, வீட்டுக்குப் போங்க" என்றார்.

வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை கட்டிலிலிருந்து எழுந்தால் தொடை இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. விசாரித்ததில் தெரிந்தது இது: வலி ஏறியதால் வந்ததல்ல, இறங்கியதால் வந்தது. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அதில்தான் அதற்குச் சேதம் அதிகம். வலி உடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வட்டியோடு வரும். கிரெடிட் கார்டு மாதிரிதான், செலவு செய்யும்போது சுகமாகவே இருக்கும். நல்ல சேதி என்னவென்றால், ஒரு தடவை வலித்து ஆறிய தசைக்கு அடுத்த தடவை அவ்வளவு வலிப்பதில்லை. அதனால் மூன்று வாரமும் விடாமல் ஏறி இறங்கினேன். போலீஸ்காரரும் பழகிப்போய், "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்தார்.

க்யூ.சி. மாத்திரமும் டெஸ்பாட்ச் மாத்திரமும் ஒரு நாள்கூட வரவில்லை. ஸ்டோர்ஸ் அண்ணன், "சாமி காரியம், சாமியே ஏத்திடுவார்" என்று சொல்லிவிட்டார்.

சேரன் எக்ஸ்பிரஸில் போய், சனிக்கிழமை சாயங்காலம் பூண்டி சேர்ந்தோம். அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கினோம். காட்டிலாகாக்காரர்கள் பையைப் பிரித்து பிளாஸ்டிக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணம் வாபஸ். நான் பார்த்த வரிகளிலேயே ரீஃபண்ட் ஒழுங்காக வருகிற வரி இதுதான். இருதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அங்கே எச்சரிக்கிறார்கள். சும்மா சொல்லவில்லை. 2024 சீசனில் ஏறப் போன பக்தர்கள் பலர் இந்த மலையில் இறந்துபோயிருக்கிறார்கள்.

"நமக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று பொதுவாகக் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன், மற்ற இருவரையும் முந்திக்கொண்டு.

ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். முதல் மலை பூரா படிக்கட்டு. முடிகிறது என்று தோன்றும் இடத்தில் இன்னொரு வளைவு, இன்னொரு நூறு படி. டெஸ்பாட்ச் ஓட்டமாக ஓடி, அரை மணியில் ஒரு பாறை மேல் நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தான். எழுபது வயசிருக்கும் ஒரு பெரியவர் வெறுங்காலோடு, அவசரமே இல்லாமல், தடியை ஊன்றி எங்களைத் தாண்டிப் போனார். "பேசிக்கிட்டே ஏற முடியணும் தம்பி. பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்று போகிற போக்கில் சொன்னார். மூன்று வாரம் நான் படித்ததெல்லாம் இந்த ஒரு வரிதான்.

பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை எல்லாம் தாண்டி வெளிச்சம் வந்தபோது மரங்கள் குறைந்து, புல்லும் காற்றும்தான் இருந்தன. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும் என்பார்கள். மே மாசத்தில் எங்களுக்குப் பல் கிட்டியது. நாங்கள் மூன்று பேரும் கடலை மிட்டாயும், நான் கலந்து கொண்டுபோன உப்பு சர்க்கரைத் தண்ணீரும் (ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு) சாப்பிட்டோம். ஸ்டோர்ஸ் அண்ணன் தொடவில்லை. தரிசனம் ஆகும் வரை விரதம்.

ஆறாவது மலை முடிகிற ஆண்டிச் சுனைக்கு எட்டு மணி சுமாருக்கு வந்து சேர்ந்தோம். எதிரே ஏழாவது மலை, செங்குத்தாக. எறும்பு வரிசை மாதிரி ஜனங்கள். ஸ்டோர்ஸ் அண்ணன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். அந்தக் குளிர்காற்றில் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் பிடித்த தடி தரையில் டக டக என்று ஆடியது.

"என்னண்ணே, முடியலையா?"

அவர் என்னை முறைத்துப் பார்த்து, "இந்த லோடை யாரு இங்க இறக்கச் சொன்னது? கேட் பாஸ் எங்க?" என்றார்.

க்யூ.சி. சிரித்துவிட்டார். டெஸ்பாட்ச் சிரிக்கவில்லை. "சார், எங்க ஆயாவுக்கு சுகர் இறங்கினா இப்படித்தான் பேசும்" என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டைப்பையில் கைவிட்டான். மாத்திரை அட்டை. இரண்டு குழி காலி.

அண்ணனுக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை. நாங்கள் கிண்டல் செய்வோம் என்று சொல்லவில்லையாம். நேற்று ராத்திரி விரதம், மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார். காலையும் அதேபோல். மாத்திரைக்கு விரதம் தெரியாது, பாருங்கள். அது தன் பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து மணி நேர ஏற்றம் மிச்சத்தையும் உறிஞ்சிவிட்டது.

"விரதமாவது ஒண்ணாவது" என்று சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, கடலை மிட்டாயை ஊட்டினோம். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. நடுக்கம் நின்றது. எழுந்தார். தடியை எடுத்துக்கொண்டு ஏழாவது மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, இறங்கிடலாம்" என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டா?"

க்யூ.சி.யும் அவர் பக்கம். "இன்னும் ஒண்ணுதானே. முக்கால் மணி நேரம்."

பி.காம். படித்தவர்களுக்கு காஸ்டிங் பாடத்தில் ஒரு சமாசாரம் வரும். ஸங்க் காஸ்ட், மூழ்கிய செலவு. போட்ட பணம் போட்டதுதான். இனி என்ன செய்தாலும் அது திரும்பாது. ஆகவே அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எல்லோரும் எழுதுவோம். வெளியே வந்து, டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று மூன்று மணி நேரம் மோசமான படத்தைப் பார்ப்போம்.

ஏறிவிட்ட ஆறு மலையும் மூழ்கிய செலவு. கணக்கில் நிற்பது இனிமேல் ஆகப்போகும் செலவுதான்: செங்குத்தாக ஒரு மலை, அப்புறம் ஏழு மலை இறக்கம், வயிற்றில் வேலையை இன்னும் முடிக்காத மாத்திரை. உடம்பில் மிச்சம் இருப்பதோ நாலு கடலை மிட்டாய்.

பெரிய மலைகளிலும் இதே கதைதான். 1996 மே 10-ந் தேதி எவரெஸ்ட்டில், பிற்பகல் இரண்டு மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது மலையேறிகள் வைத்திருந்த கெடு. உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே என்று பலர் கெடு தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் புயல் பிடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் இந்திய-திபெத் எல்லைப் போலீஸ் படையைச் சேர்ந்த நம்மவர்கள். திறமைசாலிகள் எல்லோரும். அவர்களையும் இழுத்தது இந்த 'இவ்வளவு தூரம் வந்துட்டு' தான்.

இதையெல்லாம் அங்கே நான் அழகாக எடுத்துச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். "வேணாம்ணே, வேணாம்ணே" என்று அவர் தடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

அவருக்கு வந்ததே கோபம். "உனக்கு முட்டி வலிக்குது. அதுக்கு என் சுகரைச் சாக்கு வைக்காதே!"

சுருக்கென்றது. ஏனென்றால் முட்டி வலித்தது நிஜம். நாலாவது மலையிலிருந்தே வலித்தது. அவர் சொன்னதில் ஒரு முப்பது சதவிகிதம் உண்மை இருந்தது. அதனால் பேச்சை மாற்றினேன்.

"மேல போனா அண்ணிக்கு நீங்களே இப்ப போன் போட்டுச் சொல்லுங்க, மாத்திரை போட்டுக்கிட்டு சாப்பிடலைன்னு."

சிக்னல் இருந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. அண்ணன் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வேட்டி மடிப்பிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த காசை எடுத்து டெஸ்பாட்சிடம் கொடுத்தார். "பொண்ணு பேரைச் சொல்லிப் போட்டுடு" என்றார். டெஸ்பாட்சும் க்யூ.சி.யும் மேலே போனார்கள். அண்ணன் எழுந்து நின்று, ஏழாவது மலைக்குக் கீழேயிருந்தே ஒரு கும்பிடு போட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். முட்டி வலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்க ஆறு மணி நேரம் ஆயிற்று. வழிக்கடை ஒவ்வொன்றிலும் உட்கார வைத்து ஏதாவது சாப்பிட வைத்தேன். பாதி வழியில் அவருக்கு மறுபடி வியர்த்தது, மறுபடி சர்க்கரைத் தண்ணீர். அது உச்சிப் பாறையில் வந்திருந்தால் என்று இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லாயிருக்கார். மேல போயிருந்தா டோலியிலதான் வந்திருப்பார்" என்றார்.

அண்ணன் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்.

"நல்லாத்தான் இருந்திருக்கேன், கேட்டுக்க! ஏழாவது மலையைக் கண்ணால பார்த்துட்டுத் திரும்பினவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். எல்லாம் இந்த பி.காம். பண்ண வேலை!" என்று மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, வாரத்தில் ஆறு நாள் எனக்கு அர்ச்சனை. வண்டி பொன்னேரியில் நிற்கும்போது மட்டும் அர்ச்சனையை நிறுத்தி, டப்பாவைத் திறந்து நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தொடர்வார். நான் ஜன்னல் ஓரமாகக் கேட்டுக்கொண்டு வருவேன். திட்டுவதற்கு மனுஷன் எதிரே உட்கார்ந்திருக்கிறாரே, அது போதாதா?

இந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் மெதுவாக ஆரம்பித்தார். "பிப்ரவரியில மலை திறந்துடுவான். ஆறு மலை ஏறியாச்சு. பாக்கி ஒண்ணுதானே?"

"அண்ணே, மலைக்கணக்குல ஓப்பனிங் பேலன்ஸ் கிடையாது. மறுபடி ஒண்ணுலேர்ந்துதான்."

முறைத்தார். மறுநாள் காலை நான் ஸ்டேஷனுக்குப் போனால் நடைமேம்பாலத்தின் மேலே ஸ்டோர்ஸ் அண்ணன், கையில் இட்லி டப்பாவோடு, மூச்சிரைக்க நின்றிருந்தார். பக்கத்தில் நம் போலீஸ்காரர்.

"பேசிக்கிட்டே ஏறுங்க சார், பேசிக்கிட்டே ஏறுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, அண்ணன் என்னைப் பார்த்து விரலைக் காட்டினார். நாலு முடிந்ததாம்.

இன்னும் இருநூற்றுப் பதினாறு.